மீட்டரா, பிக்சலா? இயற்பியல் எஞ்சினுக்கு எந்த அளவுகோலைக் கொடுப்பது

64 பிக்சல் அகலத்தில் ஒரு மரப்பெட்டியை வரைந்து, அதே எண்ணை பாக்ஸ்2டியிடம் (ஆட்டங்களில் பொருட்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் இருபரிமாண இயற்பியல் எஞ்சின்) கொடுத்தால், அது 64 மீட்டர் பெட்டி என்றுதான் எடுத்துக்கொள்ளும். இருபது மாடிக் கட்டடத்தின் அளவு! நகரும் பொருட்கள் 0.1 முதல் 10 மீட்டருக்குள் இருக்கட்டும் என்பது அதன் கையேடு சொல்லும் அறிவுரை. பலரும் இதைப் படிக்காமலே தொடங்கிவிடுகிறோம்.

பிக்சலையே மீட்டராக வைத்தால் என்ன ஆகும்? ஈர்ப்பு 10 என்றால், பெட்டி தன் உயரத்துக்கு விழவே மூன்றரை விநாடிக்கு மேல் ஆகும். பஞ்சு மாதிரி மிதக்கும். சரி, ஈர்ப்பைக் கூட்டலாம் என்றால் அடுத்த சுவர். பாக்ஸ்2டியின் 2.4 பதிப்பில் ஒரு பொருள் ஒரு படியில், அதாவது எஞ்சின் ஒருமுறை கணக்கிடும் நேரத்துணுக்கில், 2 மீட்டருக்கு மேல் நகர முடியாது. விநாடிக்கு 60 படி என்றால் 120 பிக்சல். 720 பிக்சல் திரையைக் கடக்க 6 விநாடி. அப்புறம் தூக்கம். ஓய்ந்த பொருளைக் கணக்கிலிருந்து விலக்கித்தான் எஞ்சின் சிபியுவை மிச்சம் பிடிக்கிறது. அதற்கு 2.4இல் வேகம் விநாடிக்கு 0.01 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். பிக்சல் உலகில் அது நூறில் ஒரு பிக்சல்! கண்ணுக்கே தெரியாத நடுக்கம்கூட ஒரு பெட்டிக் குவியலை விழித்தே இருக்க வைத்துவிடும்.

எதிர்த் திசையில் போனால் இன்னும் மோசம். 2 செ.மீ. மணிகளை உண்மை அளவிலேயே கொட்டிப் பாருங்கள். மோதக்கூடிய ஜோடிகளைத் தேடும்போது 2.4 பதிப்பு ஒவ்வொரு பொருளின் எல்லைப்பெட்டியையும் (பொருளைச் சுற்றிய கற்பனைச் செவ்வகம்) எல்லாப் பக்கமும் 0.1 மீட்டர் பெரிதாக்குகிறது. 2 செ.மீ. மணிக்கு 22 செ.மீ. எல்லைப்பெட்டி. நெருக்கமாக அடுக்கிய மணிகளில் ஒன்றுக்கு எட்டு அண்டை மணிகளைப் பார்த்தால் போதும் என்ற இடத்தில், நானூறுக்கும் மேற்பட்டவற்றைச் சோதிக்க வேண்டிவரும். வேகம் படுத்துவிடும். கூடவே, விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைவான மோதலில் துள்ளல் கிடையாது. 5 செ.மீ. உயரத்திலிருந்து விழும் மணி துள்ளாமல் அப்படியே நின்றுவிடும்.

மூன்றாவது வழி, ஒரு மீட்டருக்கு எத்தனை அலகு என்று எஞ்சினிடமே சொல்லிவிடுவது. 2.4இல் நூலகத்தை மீண்டும் தொகுக்க வேண்டும். 3ஆம் பதிப்பில் தொடக்கத்தில் ஒரு அழைப்பு போதும். எல்லா வரம்புகளும் சேர்ந்தே பெரிதாகும், வேகத்தில் குறையில்லை. ஆனால் ஈர்ப்பு, விசை, அடர்த்தி எல்லாவற்றையும் நாமே மாற்றி எழுத வேண்டும். என் ஓட்டு, எஞ்சினுக்குள் சுத்தமான மீட்டர், வரையும்போது மட்டும் பெருக்கல் என்பதற்கே. அந்தப் பெருக்கலுக்கு ஆகும் செலவு கணக்கிலேயே வராது.

உலகமே பெரிதென்றால் அலகை மாற்றுவது உதவாது. ஃப்ளோட் எனப்படும் 32 பிட் தசம எண்ணில் 24 பிட் துல்லியம்தான், எந்த அலகானாலும். மையத்திலிருந்து (0, 0 புள்ளி) 10 கி.மீ. தள்ளினால் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான இடைவெளி சுமார் 1 மி.மீ.; 100 கி.மீ.யில் கிட்டத்தட்ட 8 மி.மீ. பாக்ஸ்2டி மன்னிக்கும் 5 மி.மீ. ஊடுருவலைவிட அது அதிகம், குவியல் நடுங்கத் தொடங்கும். இங்கே போட்டி இரண்டுக்குத்தான்: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளி ஆட்டம் செய்வதுபோல் மையத்தையே விண்கலத்தோடு நகர்த்துவது, அல்லது ஜோல்ட் என்ற இன்னொரு இயற்பியல் எஞ்சினை டபுளில் (64 பிட் தசம எண்) தொகுப்பது. ஜோல்ட் இருப்பிடத்தை மட்டும் டபுளில் வைத்து, மோதல் கணக்கின் பெரும்பகுதியை ஃப்ளோட்டிலேயே செய்வதால் வேக இழப்பு சிறிதுதான். ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு மைய நகர்வே போதும். இருவர் உலகின் இரு மூலைகளில் நிற்கும் ஆட்டம் என்றால், மையத்தை யார் பக்கம் நகர்த்துவது? அங்கே நான் டபுளைத்தான் எடுப்பேன்.