கொடைக்கானல் பட்டறையா, தோடர் தையலா, வீட்டிலேயே வீடியோவா?

கைத்தையல் கற்றுக்கொள்ள மலைக்குப் போவது ஒரு தனி விடுமுறை வகையாகவே ஆகிவிட்டது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத் தொடரில், வட்டக்கானலிலோ பெருமாள்மலையிலோ ஒரு பழைய பங்களா, பத்துப் பேர், கூடை நிறைய நூல், மூன்று வேளைச் சாப்பாடு. பாதி நேரம் பூவேலை. மீதி நேரம், கிழிசலை ஒளிக்காமல் அதன் மேலேயே பூவும் பூச்சியுமாகப் போட்டு விளையாடும் ஒட்டுத்தையல். 'போகலாமா?' என்று கேட்பவர்கள் கூடவே வேறு இரண்டையும் கேட்கிறார்கள். அதே செலவில் ஊட்டிப் பக்கம் போய்த் தோடர் எம்பிராய்டரி பழகினால் என்ன? இதையெல்லாம் யூடியூப் பார்த்தே செய்ய முடியாதா?

மூன்றையும் எடைபோட எனக்கு ஓர் அளவுகோல்தான்: முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர். ஊர் திரும்பியதும் அதைச் சரிசெய்ய எது கற்றுக்கொடுக்கும்? வெள்ளைத் துணியில் அழகாக ஒரு காளான் போடத் தெரிவது நல்லதுதான். ஆனால் அந்தக் காளான் குளிர் தாங்காது.

முதலில் பட்டறை. அதன் பெரிய பலம் நேரம். குக்கர் விசிலுக்கும் காலிங்பெல்லுக்கும் நடுவே ஊசி பிடிப்பது வேறு, யாரும் கூப்பிடாத வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்து பிடிப்பது வேறு. அடுத்த பலம், பக்கத்தில் ஆள் இருப்பது. நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பது வீடியோவில் பிடிபடாது. சுருங்கிய துணியை ஒருவர் விரலால் நீவிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆங்கர் நூலில் ஆறு இழை சேர்ந்திருக்கும். இரண்டு இழை வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்து இழுக்கக் கூடாது, சிக்கு விழும். ஒவ்வோர் இழையாக நேர் மேலே உருவி, அப்புறம் சேர்த்துக் கோக்க வேண்டும். இப்படிப்பட்ட கைப்பக்குவம்தான் பட்டறையில் கிடைக்கும் நிஜமான சரக்கு.

பள்ளிக்கூடத்தில் சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று சதுரத் துணிகளைத் தைத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு விடுதலையும் உண்டு. வரிசை கோணினால் மார்க் போகாது. அதைவிட, கூச்சம் போகும். நம் வீடுகளில் கிழிந்ததைப் போட்டால் தரித்திரம் என்பார்கள். ரஃபு போட்டாலும் போட்டது தெரியக் கூடாது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்றவர்கள்கூடக் கசக்கத்தான் சொன்னார்கள், கந்தையில் மஞ்சள் நூலால் சூரியகாந்தி போடச் சொல்லவில்லை. முட்டியில் ஒட்டுப்போட்ட ஜீன்ஸோடு பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தக் கூச்சம் தானாகவே கழன்றுவிடும்.

குறை என்ன என்றால், நான் பார்த்த வரையில் இந்தப் பட்டறைகளில் ஒட்டுத்தையல் கடைசிப் பந்திக்காரர் மாதிரி. புதுத் துணியை வளையத்தில் மாட்டிப் பூப்போடுவதிலேயே பெரும்பகுதி நேரம் போய்விடும். கிழிசல் வகுப்பு கடைசி நாள் மத்தியானம் வரும். அதற்குள் பாதிப் பேர் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். அதனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் சொந்தக் கிழிசலைக் கொண்டுவரலாமா? பின்னல் துணியில் ஓட்டை அடைக்கச் சொல்லித்தருவீர்களா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? இரண்டாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால், அறைக்கும் காட்சிக்கும்தான் பணம் கொடுக்கிறீர்கள். அதுவும் தப்பில்லை, தெரிந்து கொடுங்கள்.

நீலகிரி வழி முற்றிலும் வேறு. தோடர் எம்பிராய்டரியில் துணி மேல் எதையும் வரைவதில்லை, வளையமும் கிடையாது. கெட்டியான, வெளுக்காத பருத்தித் துணி, சிவப்பு, கறுப்பு நூல், எப்போதாவது நீலம், அவ்வளவுதான். துணியின் இழைகளை எண்ணி, சிலவற்றுக்கு மேலும் சிலவற்றுக்குக் கீழுமாக ஊசியை ஓட்டுகிறார்கள். எருமைக் கொம்பு, மலை எல்லாம் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் எழுந்து வருகின்றன. தோடர்கள் போர்த்திக்கொள்ளும் புத்குளிப் போர்வையைத் தள்ளி நின்று பார்த்தால் தறியில் நெய்தது என்றே தோன்றும். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் தோடர் நலவாழ்வு சங்கம், தமிழக அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை ஆகியவை உண்டு.

அந்தத் துணியைக் கையில் வாங்கி, ஒரு வரிசை முடிந்து அடுத்தது திரும்பும் இடத்தைப் பாருங்கள். நூலை இறுக்கியிருக்க மாட்டார்கள். சின்ன வளைவாகக் கொஞ்சம் தொங்கல் விட்டிருப்பார்கள். துணி சுருங்காமல் படுத்திருப்பது அதனால்தான். தடவினால் புடைப்பாகத் தெரியும் அந்தச் சொரசொரப்பும் அதிலிருந்து வருவதுதான்.

இனி முழங்கை ஓட்டைக்கு வருவோம். உள்ளே ஒரு வழவழப்பான தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்து ஓட்டையை விரித்துக்கொள்ள வேண்டும். ஓட்டையின் ஓரத்திலேயே தொடங்கக் கூடாது, அங்கே இழை நைந்திருக்கும். ஒரு விரல் தள்ளி, பின்னல் கெட்டியாக உள்ள இடத்தில் தொடங்க வேண்டும். முதலில் நெடுக்கு இழைகளை நெருக்கமாக ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று மொட்டை ஊசியால் நெய்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வரிசை திரும்பும்போதும் ஒரு சின்னத் தொங்கல். அதை விடாமல் இறுக்கினால், முதல் சலவையில் நூல் சுருங்கி, அடைத்த இடம் சுருட்டிக்கொள்ளும். தோடர் பெண்கள் போர்வையில் செய்வதும் இதே வேலைதான்: இழையை எண்ணுவது, மேலும் கீழும் ஓட்டுவது, திரும்பும் இடத்தில் விட்டுக்கொடுப்பது. ஒன்று முழுத் துணி மேல், இன்னொன்று ஓட்டை மேல். ஜீன்ஸ் முட்டிக்குப் பட்டறைகளில் கற்றுத்தரும் ஜப்பானிய ஓட்டுத்தையலான சஷிகோவிலும், பின்பக்கம் வரிசை மாறும்போது இதே தொங்கலை விடுவார்கள்.

அதனால்தான் என் ஓட்டு நீலகிரிக்கு. எண்ணிப் பழகிய கை ஓட்டையைக் கண்டு பயப்படாது. பூப்போட்டுப் பழகிய கை பெரும்பாலும் அதன் மேல் ஒரு அப்ளிக் இதயத்தை ஒட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும்.

ஆனால் இது எல்லாருக்கும் சரிப்படாது. இங்கே நேரத்துக்கு நேரம் டீயும் கேக்கும் வராது. 'ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு' என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லித்தரும் தோடர் அக்கா தைப்பார், நீங்கள் பார்த்துப் பார்த்து எண்ண வேண்டும். வளைகோடு வராது, இஷ்டத்துக்கு நிறம் சேர்க்கவும் இடமில்லை. 'என் கற்பனைக்கு வடிகால் வேண்டும்' என்று வருகிறவர்களுக்கு அரை நாளிலேயே கண் பூத்துவிடும். கேமராவோடு நேராக மந்துக்குள் நுழைவதும் முறையல்ல. அது அவர்கள் குடியிருக்கும் இடம், பக்கத்திலேயே கோயிலும் இருக்கும். அவர்கள் துணிகளை விற்கும் கடைகள், அமைப்புகள் வழியாக முன்கூட்டியே கேளுங்கள். கூலி பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நமக்குச் சொல்லித்தர உட்காரும் ஒரு நாள், அவர்கள் தைத்துச் சம்பாதிக்காத ஒரு நாள். கற்றதை உங்கள் ஸ்வெட்டருக்குப் போடுங்கள், தோடர் வேலை என்று பெயர் சூட்டி விற்கக் கிளம்பாதீர்கள்.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தையல் வகைகளைத் தெரிந்துகொள்ள அது போதும். ஏற்கெனவே ஓரளவு கை பழகியவர்கள் மலைக்குச் செலவு செய்யவே வேண்டாம். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் மெஷினில் முன்னும் பின்னும் ஓட்டி ஐந்து நிமிடத்தில் தந்துவிடுவார். பள்ளிச் சீருடைக்கு அதுவே சரி. ஸ்வெட்டரில் அப்படி ஓட்டினால் அந்த இடம் அட்டை மாதிரி விறைத்து, பக்கத்தில் புதிதாகக் கிழியும்.

நூல் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஊட்டி திபெத்திய மார்க்கெட்டில் வாங்கிய ஸ்வெட்டர் கம்பளி என்று நினைத்திருப்பீர்கள். லேபிளைப் பாருங்கள், அக்ரிலிக் என்று இருக்கலாம். அக்ரிலிக்குக்கு அக்ரிலிக், கம்பளிக்குக் கம்பளி. பழனி மலையில் மன்னவனூரிலும் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் ஆட்டுப் பண்ணை, ஆராய்ச்சி எல்லாம் உண்டு. ஆனாலும் மலை ஏறியதும் உள்ளூர்க் கம்பளி நூல் கடையில் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். தேவையான நிறத்தைக் கீழேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இழை எண்ணப் பகல் வெளிச்சம் வேண்டும். ஊட்டியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை; மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருக்கும். கொடைக்கானலுக்குக் கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால் ஜூலையில் போவதானால் கொடை, இல்லை என்றால் கிழக்குச் சரிவில் மழை குறைவாக உள்ள கோத்தகிரி. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டுமே சரி, ஊட்டியில் காலையில் விரல் விறைக்கும் என்பதைத் தவிர. ஏப்ரல், மே சீசனில் வாடகை ஏறும்; 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை, மடியில் வைத்துத் தைக்கத்தான் முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் கையில் நிஜ ஊசியும் வேண்டாம்.