ஜொனி டெப் வழக்கு யூடியூப் நேரலை: பாருங்கள், கொமென்ட்டை மூடிவிட்டு

லோ அண்ட் கிரைம் என்ற அமெரிக்க யூடியூப் சேனல் 2022இல் ஹொலிவுட் நடிகர் ஜொனி டெப் தன் முன்னாள் மனைவி, நடிகை அம்பர் ஹேர்ட் மீது போட்ட மானநஷ்ட வழக்கை முழுசாக லைவ் போட்டது. ரீல்ஸில் நாலு துண்டு பார்த்துவிட்டு அந்தக் கேஸை இன்றைக்கும் தேத்தண்ணிக் கடையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிற என் மச்சான்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்கக் காசு தேவையில்லை, விளம்பரம் மட்டும் வரும். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து பார்த்தது அந்த வருஷத்து மின்வெட்டுக் காலத்தில். வழக்கு நடந்த அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. போனில் சார்ஜும் டேட்டாவும் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் அன்றைய வழக்கு. வீடியோ தரத்தை ஆகக் குறைத்து வைத்தாலும் பரவாயில்லை, இது பெரும்பாலும் காதால் கேட்கிற விஷயம்தான்.

இதன் பெறுமதி அலுப்பான பகுதிகளில்தான் இருக்கிறது. வழக்குக்குக் காரணமான கட்டுரை 2018 டிசம்பரில் வொஷிங்டன் போஸ்ட்டில் ஹேர்ட்டின் பெயரில் வந்தது, குடும்ப வன்முறை பற்றியது, ஆனால் அதில் டெப்பின் பெயரே கிடையாது. அதன் முதல் வரைவை எழுதிக் கொடுத்தது ஒரு மனித உரிமை அமைப்பு என்பதும், ஹேர்ட்டின் படம் வெளிவருகிற நேரத்தை ஒட்டி அதை வெளியிடுவது பற்றி மெயிலில் பேசிக்கொண்டதும், அந்த அமைப்பின் சட்டத்தரணி ஒருவர் வீடியோவில் சலிப்போடு கொடுத்த சாட்சியத்தில் வருகிறது. அழுகையும் முறைப்பும் ரீல்ஸாகப் பறந்தன, இந்தப் பகுதி என் போனுக்கு ஒரு தரம்கூட வரவில்லை. விளம்பரச் சண்டை எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு நாளையும் முழுசாகப் பாருங்கள். 2022 ஜூன் 1ஆம் தேதி ஏழு ஜூரிமார் டெப்புக்கு 10 மில்லியன் டொலர் நட்டஈடும் 5 மில்லியன் தண்டனைத் தொகையும் கொடுத்தார்கள். அந்த 5 மில்லியனை மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பான 350,000க்கு நீதிபதி குறைத்துவிட்டார். அதே ஜூரி, டெப்பின் சட்டத்தரணி பத்திரிகைக்குச் சொன்ன ஒரு கூற்றுக்காக ஹேர்ட்டுக்கும் 2 மில்லியன் கொடுத்தது. மச்சான்மார் இதை மட்டும் மறந்துவிடுவார்கள். கடைசியில் அந்த டிசம்பரில் ஹேர்ட் தரப்பு 1 மில்லியன் கொடுப்பதாகச் சமரசம் ஆனது. நம்மூரில் அரசியல்வாதி மானநஷ்டம் என்று நூறு மில்லியன் ரூபா கேட்டு கோரிக்கைக் கடிதம் அனுப்புவார், பத்திரிகையில் படத்தோடு வரும், அதற்குப் பிறகு சத்தமே இருக்காது. அந்தக் கடிதமே பாதி விளம்பரம்தானே.

இனிக் குறை. வீடியோவுக்குப் பக்கத்தில் ஓடுகிற கொமென்ட் சகிக்க முடியாதது. சாட்சி வாயைத் திறக்க முதலே பொய் என்று முடிவு கட்டிவிட்டு, இதய இமோஜி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஜூரிமாரைத் தனியாக அடைத்து வைக்கவில்லை, அவர்கள் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனார்கள், போய் இணையத்தில் எதையும் பார்க்காதீர்கள் என்று நீதிபதி சொன்னதோடு சரி. அவர்கள் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்தக் கூச்சலைப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கேள்வி வராமல் போகாது.

இரண்டாவது, இந்த லைவ் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். தன்னை மனைவியை அடிப்பவர் என்று எழுதிய பிரிட்டனின் சன் பத்திரிகை மீது டெப் லண்டனில் போட்ட வழக்கை 2020 நவம்பரில் நீதிபதி நிக்கல் தள்ளிவிட்டார், எழுதியது பெருமளவு உண்மை என்றார். அங்கே ஜூரியும் இல்லை, டிவி கேமராவும் இல்லை. எழுதியது உண்மை என்று பத்திரிகைதான் நிரூபிக்க வேண்டும். வேர்ஜினியாவிலோ பிரபலமானவர் வழக்குப் போட்டால், எழுதியவர் பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ எழுதினார் என்பதை வழக்குப் போட்டவர்தான் காட்ட வேண்டும். இரண்டிலும் தீர்ப்பு எதிரெதிராக வந்ததை வைத்து ஒரு பக்கம் கத்துகிறவர்கள் லண்டன் தீர்ப்பையும் வாசிக்கட்டும். அது இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது, நீளம்தான்.

நடிகை பிளேக் லைவ்லிக்கும் அவர் நடித்த படத்தின் இயக்குநர் ஜஸ்டின் பால்டோனிக்கும் இடையிலான வழக்கையும் இப்படிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது, நியூயோர்க் ஃபெடரல் நீதிமன்றத்துக்குள் கேமராவை விட மாட்டார்கள். பால்டோனி 400 மில்லியன் கேட்டுப் போட்ட எதிர் வழக்கை 2025 ஜூனில் நீதிபதி லைமன் தள்ளிய உத்தரவு எழுத்தில் இருக்கிறது, அதை இறக்கி வாசியுங்கள். டேட்டாவும் மிச்சம்.