கத்திக்கப்பலா, தட்டுப் படகா: எது அதிகம் தாங்கும்?

கொடைக்கானலில் அக்டோபர் மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் கட்டிப்போடுவது பெரும்பாடு. நாயுடுபுரம் வீட்டில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் யார் காகிதக் கப்பல் அதிகம் தாங்கும் என்று சண்டை போட, பஞ்சாயத்து பண்ணப் போன நான்தான் கடைசியில் சாயங்காலம் வரை அன்னக்கூடை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எடைக்கு 5 ரூபாய்க் காசு. 2011 வரிசைக் காசு ஒன்று 6 கிராம். உண்டியலில் பழைய தடித்த வெள்ளைக் காசு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அது 9 கிராம், கணக்கைக் கெடுக்கும். தாள் எல்லாமே ஏ4.

சாதாக் கப்பல் 22 காசு தாங்கியது, அதாவது 132 கிராம். நடுவில் நிற்கிற கூம்பு இடத்தை அடைத்துக்கொள்வதால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒரு காசு கூடினாலும் சாய்ந்துவிடும். கத்திக்கப்பல் ஒல்லி, 14-லேயே கவிழ்ந்தது. மருமகனுக்கு முகம் தொங்கிப்போச்சு.

தட்டுப் படகு என்பது ஒன்றுமில்லை, நான்கு ஓரத்தையும் 3 செ.மீ. மேலே மடித்து மூலைகளை மேல் விளிம்பில் மட்டும் பின் அடிக்க வேண்டும் (கீழே அடித்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும்). மருமகள் செய்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒதுக்குகிற தண்ணீரின் எடை அளவுக்குத்தான் எதுவும் மிதக்கும் என்பதால் இதன் கொள்ளளவைப் போட்டுப் பார்த்தேன்: 23.7 × 15 × 3, ஏறக்குறைய 1,066 கன செ.மீ., ஒரு கிலோவுக்கு மேல்! நிஜத்தில் அவ்வளவு வராது, அடி தொய்ந்து சுவர் உள்ளே சாயும். காசை நடுவில் குவித்தபோது 40-இல் முழுகியது, மூலையிலிருந்து பரப்பி அடுக்கியபோது 71, அதாவது 426 கிராம். ஒரே தாள், ஒரே மடிப்பு, அடுக்கியதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

தாளை மாற்றியும் பார்த்தோம். மெழுகுவர்த்தியை தாளில் அழுத்தித் தேய்த்தால் தாங்கும் எடை இரண்டு மூன்று காசுதான் கூடுகிறது, ஆனால் சாதாத் தாள் பத்து நிமிடத்தில் ஊறித் துவண்டுவிட, இது ரொம்ப நேரம் நின்றது. பழைய மாதக் காலண்டரின் வழவழத் தாளும் அப்படித்தான். இன்னொன்று, இந்த ஊர் மூடுபனியில் அலமாரித் தாளே நமுத்துக் கிடக்கும், அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மடியுங்கள்.

சரி, தட்டுதான் ஜெயித்தது என்று முடித்திருக்கலாம். மழை விட்டதும் மருமகன் விடவில்லை, மாமா, தெருவில் விட்டுப் பார்க்கலாம் என்றான். இறக்கத்தில் ஓடுகிற தண்ணீரில் தட்டுப் படகு முதல் கல்லிலேயே குறுக்கே திரும்பிக் கவிழ, ஒரே ஒரு காசை ஏற்றிய கத்திக்கப்பல் வளைந்து நெளிந்து சிறுபாலம் வரை போனது. அந்தக் காசு இன்னும் கிடைக்கவில்லை.