அரைல் வளையத்தில் அமீன்: பக்வால்ட்–ஹார்ட்விக்கா, சான்–லாமா?

அரைல் (அரோமாட்டிக்) வளையத்தோடு அமீனின் நைட்ரஜனை இணைக்க இங்கே ஒப்பிடுவது இரண்டு முறைகள்: பல்லேடியத்தால் நடக்கும் பக்வால்ட்–ஹார்ட்விக், தாமிரத்தால் நடக்கும் சான்–லாம். கையில் இருக்கும் மூலப்பொருளே பாதி முடிவைச் சொல்லிவிடும். அரைல் புரோமைடோ குளோரைடோ இருந்தால் பக்வால்ட்–ஹார்ட்விக்: பல்லேடியம் 1–2 மோல் சதவீதம், காரமாக சோடியம் டெர்ட்-பியூட்டாக்சைடு 1.4 ஈக்விவலன்ட் (அடிப்படை மூலப்பொருளின் மோல் அளவைப் போல 1.4 மடங்கு), டொலுயீன், 80–110 டிகிரி செல்சியஸ். பல்லேடியத்தோடு பிணையும் ஈனியாக (ligand) முதல்நிலை அமீனுக்கு பிரெட்ஃபாஸ், இரண்டாம்நிலைக்கு ரூஃபாஸ். ஈனியை மாற்றிப் போட்டால் விளைச்சல் சரியும். கரைப்பானிலிருந்து ஆக்சிஜனை நீக்காவிட்டால் பல்லேடியம் கருப்பாக வீழ்படியும். மூலக்கூறில் எஸ்டர் இருந்தால் பியூட்டாக்சைடு அதைத் தாக்கும். சீசியம் கார்பனேட்டுக்கு மாறுங்கள், வினை மெதுவாகும், பரவாயில்லை.

1998இல் வெளியான சான்–லாம் முறைக்கு அரைல் போரானிக் அமிலம் வேண்டும், 1.5–2 ஈக்விவலன்ட். காப்பர் அசிட்டேட், பிரிடின், டைகுளோரோமீத்தேன், அறை வெப்பநிலை, திறந்த குடுவை. இங்கே காற்று நண்பன், ஈரம்தான் எதிரி. நீர் புகுந்தால் ஃபீனாலும் டைஅரைல் ஈதரும் உருவாகும். அதனால் 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையை உலர்த்திச் சேர்க்க வேண்டும். முடிவில் நீர்த்த அம்மோனியாவால் கழுவினால் தாமிரம் நீலமாகக் கரைந்து பிரியும்.

பிந்தைய படிக்காக வளையத்தில் புரோமினைக் காப்பாற்ற வேண்டுமா? சான்–லாம்தான் என் தேர்வு, இமிடசோலுக்கும் அதுவே. 2-பிரிடில் போரானிக் அமிலமோ போரானை எளிதில் இழந்துவிடும். அங்கே 2-புரோமோபிரிடினும் பல்லேடியமும்தான் சரி.