துருவம் மாறிய எக்ஸ்எல்ஆர் இணைப்பு: கேபிளைத் திருத்துவதா, ஸ்பீக்கர் முனைகளை மாற்றுவதா?

ஒலிக்கருவிகளை இணைக்கும் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பில் முதல் பின் கேபிளின் உலோகக் கவசத்துக்கும், இரண்டாவது நேர்முனைக்கும், மூன்றாவது எதிர்முனைக்கும் உரியவை என்பதை ஒலிப் பொறியியல் சங்கத்தின் 1992ஆம் ஆண்டு ஏஇஎஸ்14 தரநிர்ணயம் வகுத்தது; எனினும் பழைய ஜப்பானிய, அமெரிக்கக் கருவிகள் சிலவற்றில் மூன்றாவது பின்தான் நேர்முனை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒருவர் அத்தகைய பழைய சிடி பிளேயரை இன்றைய ப்ரீஆம்ப்ளிஃபயருடன் (பல ஒலிமூலங்களில் ஒன்றைத் தேர்ந்து பவர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) இணைத்தால், இரு சேனல்களிலும் அலை தலைகீழாகும். பெரும்பாலான காதுகளுக்கு அது தெரியாது. ஒரு சேனல் மட்டும் புரண்டால்தான் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து, நடுவில் நிற்கவேண்டிய பாடகரின் குரல் இடமின்றிச் சிதறும்.

ஸ்பீக்கர் முனைகளில் சிவப்பையும் கறுப்பையும் இடம்மாற்றுவது எளிது, செலவில்லாதது. ஆனால் தவறு பிளேயருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் இருக்கும்போது, இந்த மாற்றம் சிடியைச் சரிசெய்துவிட்டு, ஆர்சிஏ என்னும் சாதாரண ஆடியோ இணைப்பு வழியாக வரும் ரேடியோவையும் டிவியையும் தலைகீழாக்கிவிடும். ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரே மூன்றாவது பின்னை நேர்முனையாகக் கொண்டிருப்பது போல, எல்லா ஒலிமூலங்களும் ஒன்றாகத் தலைகீழாகும்போது மட்டுமே இவ்வழி பொருந்தும்.

கேபிளின் ஒரு முனையில் மட்டும் இரண்டாவது, மூன்றாவது பின்களை மாற்றிச் சால்டர் செய்வது, பிழையைப் பிழை நேர்ந்த இடத்திலேயே நிறுத்துகிறது. ஆகவே நான் இதையே விரும்புவேன். அந்தக் கேபிளில் அடையாளச் சீட்டு ஒட்டாவிட்டால், பின்னாளில் வேறெங்கோ மாட்டப்பட்டுப் புதிய குழப்பத்தை விளைவிக்கும். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் கொண்ட ஸ்பீக்கர்களில் மாற்றுவதற்கு வெளிமுனைகளே இல்லாததால் அங்கு ஒப்பீட்டுக்கு இடமில்லை; ப்ரீஆம்ப்ளிஃபயரில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனியே துருவம் மாற்றும் வசதி இருந்தால் இரு வழிகளுமே தேவைப்படுவதில்லை.