செம்பருத்தியா, பீட்ரூட்டா, சங்குப்பூவா: சர்பத் பாட்டிலில் எந்தக் கலர் நிற்கும்?

போன அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி வீட்டில் மூன்று பாகு காய்ச்சி ஜன்னலோரம் வைத்தேன். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பாட்டிலுக்கு இதைவிடக் கடும் பரீட்சை வேண்டாம்.

முதலில் தோற்றது பீட்ரூட். கண்ணைப் பறித்த சிவப்பு, அடுப்பில் கொதிக்கும்போதே மங்க ஆரம்பித்தது. அதன் நிறமியான பெட்டானினுக்குச் சூடு, வெளிச்சம், காற்று மூன்றுமே ஆகாது. சிதைந்தால் மஞ்சளும் பழுப்பும்தான் மிச்சம். ஆனால் பிஎச் (புளிப்பு, காரத்தின் அளவுகோல்; எண் குறையக் குறையப் புளிப்பு) 3 முதல் 7 வரை சாயல் பெரிதாக மாறாது. பாலில் கலக்க அதனால்தான் பீட்ரூட். செம்பருத்தியைப் பாலில் விட்டால் சிவப்பு நிற்காது. பீட்ரூட்டின் மண்வாசனை தனிப் பஞ்சாயத்து.

செம்பருத்தி இதழை எங்கள் போர் தண்ணீரில் ஊறப்போட்டேன். சாம்பல் பூசிய ஊதா. "கெட்டுப்போச்சு, கொட்டிடும்மா" என்றார் மாமியார். அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன்; செக்கச்செவேல் என்று திரும்பியது. கெடவில்லை, தண்ணீரின் காரத்தன்மைதான் வேலை காட்டியிருக்கிறது. இதிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி பிஎச் 3-க்குக் கீழே நல்ல சிவப்பு, அதற்குமேல் வெளிறும், இன்னும் ஏறினால் ஊதா, நீலம்.

சிக்கலே இந்த எலுமிச்சைதான். புளிப்பு கலரைக் காப்பாற்றும்; கூடவே வரும் வைட்டமின் சி, நாள்பட ஆந்தோசயனினை அரிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே வைட்டமின் சி பீட்ரூட்டுக்குக் காவல். ஆகவே வைத்திருந்து குடிக்கும் செம்பருத்திப் பாகில் மளிகைக்கடை லெமன் சால்ட் போடுங்கள். அது வெறும் சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி கிடையாது. எலுமிச்சையை டம்ளரில் பிழிந்துகொள்ளலாம்.

சங்குப்பூவும் ஆந்தோசயனின் ஜாதிதான். ஆனால் அதன் மூலக்கூறில் வால் மாதிரி தொங்கும் அசைல் என்ற அணுக் கொத்துகள் மடிந்து நிறப்பகுதியை மூடிக்கொள்வதால், தண்ணீர் தாக்க இடம் குறைவு. ஜன்னலோரத்தில் கடைசிவரை நின்றது இதுதான். புளிப்பு பட்டால் மட்டும் ஊதாவாகிவிடும். நன்னாரி சர்பத் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்த நீலம் மைக்கூடு மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

எதைப் போட்டாலும் செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டாம். அந்த உலோகங்கள் கலரைக் கெடுக்கும்.

இந்த வருஷம் எங்கள் பிரிட்ஜில் பழுப்பு பாட்டிலில் செம்பருத்தி. பீட்ரூட் அன்றன்றைக்கு அரைத்து, அன்றைக்கே காலி. சங்குப்பூ பாகு விருந்தாளிகளுக்கு. மாமியார் இன்னும் அதைத் தொடவில்லை.