கடலோர ஊரில் பூண்டு: கூடையா, ஃப்ரிட்ஜா, எண்ணெயா, வடகமா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் பூண்டைக் கெடுப்பது வெயில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கெடுப்பது ஈரம். பூண்டு நிற்பதற்கு ஏற்ற ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். நம் கடலோரக் காற்றில் வருஷத்தின் பெரும்பகுதி அது 70-ஐத் தாண்டியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், தீப்பெட்டியே நமத்துப் போகும். சேலத்திலோ மதுரையிலோ சரியாக வரும் முறை இங்கே அப்படியே பலிக்காததற்கு இதுதான் காரணம்.

முதலில் வாங்கும்போது. திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டானாலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டானாலும் பெரும்பாலும் போட்டி இரண்டு வகைக்குள்தான். ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கம் விளைந்து வரும் வெள்ளைப் பூண்டு. இன்னொன்று கொடைக்கானல், நீலகிரி மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தினமும் பத்துப் பல் உரிக்கிற வீட்டுக்கு வடநாட்டுப் பூண்டு வசதி, விலையும் குறைவு. காரத்திலும் மணத்திலும் மலைப்பூண்டுதான் மேல். பிரசவ லேகியத்துக்கு வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் கேட்பார்கள். மலைக்கிராமங்களில் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படுகிற மாதிரி தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வாங்கி வைப்பதென்றால் நான் மலைப்பூண்டுக்குத்தான் காசு கொடுப்பேன்.

எந்த வகையானாலும் சோதிக்கும் விதம் ஒன்றே. கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். தக்கை மாதிரி லேசாக இருந்தால் உள்ளே பல் சூம்பியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு பல்லையும் விரலால் அழுத்துங்கள், வேர்ப் பக்கத்தையும் சேர்த்து. நுனியில் பச்சை தெரிகிறதா, அடியில் புது வேர் வெள்ளையாக விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல் சருகை ஒரு சுற்று உரித்தால் கரும்பொடி ஒட்டியிருக்கிறதா? அது பூசணம். மழைக்காலத்தில் அதிகம் தென்படும்.

மூக்கையும் நம்பலாம். முழுப் பூண்டுக்கு வாசனை கொஞ்சம்தான் இருக்கும். பல்லை நசுக்கும்போது உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து அல்லிசின் உண்டாகிறது, அந்தக் காட்டமான மணம் அப்போதுதான் எழுகிறது. ஆகவே உரிக்காத பூண்டே தூக்கலாக நாறினால், உள்ளே ஏதோ ஒரு பல் உடைந்தோ அழுகியோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

மாசி, பங்குனியில் வடக்கே அறுவடை ஆகி புதுப் பூண்டு வரும். தோல் ஈரமாக, பல் சாறாக இருக்கும். ஊறுகாய்க்கு அருமை. சேமித்து வைக்க ஆகாது. வைக்க வேண்டுமானால் கழுத்து நன்றாகக் காய்ந்து, தோல் சரசரவென்று இருப்பதைத் தேடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. கூடையா, ஃப்ரிட்ஜா? முழுப் பூண்டுக்கு என் தீர்ப்பு கூடை. நம் ஊர்ச் சூடு, 28, 30 டிகிரி, பூண்டை உறக்கத்திலேயே வைத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நீர் வற்றுமே தவிர சீக்கிரம் முளைக்காது. குளிர்தான் அதற்கு விதைக்கும் பட்டம் வந்துவிட்டது என்று சொல்லி எழுப்பிவிடும். குளிர்பதனக் கிடங்குகளில் 0 டிகிரியை ஒட்டி வைத்துத் தூங்கவைக்கிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் இருப்பதோ 4 முதல் 8 டிகிரி. உறங்கவும் விடாது, உள்ளே ஈரம் வேறு. அதிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் மளமளவென்று முளைவிடும். முளைத்த பூண்டில் விஷம் ஒன்றும் இல்லை. நடுவிலிருக்கும் பச்சைக் குருத்து கசக்கும், கீறி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். மெழுகு போலக் கண்ணாடியாகிப் பழுப்பேறிய பல்லை மட்டும் தூக்கிப் போடுங்கள். காற்றில்லாமல் புழுங்கினால் அப்படி ஆகும்.

கூடை என்றால் பிரம்புக் கூடை, வலைப்பை, உறி எதுவும் சரி, நாலு பக்கமும் காற்று போக வேண்டும். அடுப்பின் பக்கமும் தொட்டிக்கு அடியிலும் வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் கட்டியபடியே வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மழை பிடித்துவிட்டால் கூடைக்கும் ஈரம் ஏறும். அந்த இரண்டு மாதமும் கால் கிலோவுக்கு மேல் வாங்காமல், வாரம் ஒருமுறை கொட்டிப் பார்த்து, கெட்டதைப் பிரித்துவிட வேண்டும்.

உரித்த பல் வேறு கதை. அதற்கு ஃப்ரிட்ஜ்தான். ஈரமில்லாத டப்பாவில் துணி போட்டு வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கலாம், மாதக்கணக்கில் நிற்கும். விழுது பச்சையாக மாறினால் பயப்பட வேண்டாம், பூண்டின் கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை அது. ஆனால் முழுப் பல் கடிபட வேண்டிய பூண்டுக் குழம்புக்கு ஃப்ரீசர் பூண்டு சரிப்படாது, தொளதொளத்துவிடும்.

எண்ணெயில் ஊறப்போட்டு மேடையில் வைக்கும் பழக்கம் பெருகி வருகிறது. இதை மட்டும் நான் கடுமையாகவே மறுக்கிறேன். மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டி வரும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் காற்று புகாத, புளிப்பில்லாத இடத்தில்தான் வளரும். எண்ணெய்க்குள் மூழ்கிய பச்சைப் பூண்டு அதற்குத் தோதான இடம். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாமலே நரம்பை முடக்கும் நஞ்சு சேர்ந்துவிடலாம். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 30 பேருக்கு மேல் படுத்தார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் கொஞ்சமாகப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளில் முடியுங்கள். நம் ஊரில் கரண்ட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல் அடித்து மின்சாரம் போகிற ஊர் இது. ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் அந்த ஜாடியை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஊறுகாய் இதில் சேராது. எலுமிச்சையோ வினிகரோ புளியோ தாராளமாகச் சேர்ந்து, புளிப்பு போதுமான அளவு இருந்தால் அந்தக் கிருமி வளராது.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய முறை: வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இன்று ‘வதுவான்’ என்று விரும்பி வாங்கும் மசாலா புதுச்சேரியின் இந்த வடகத்திலிருந்து போனதுதான். ஈரத்தோடு மல்லுக்கட்டாமல், ஈரமே இல்லாமல் செய்துவிடுகிறது இந்த முறை. நேரம் அதிகம் பிடிக்கும். கத்திரி வெயிலில் பல நாள் காய வைத்து, மாலையில் எடுத்து, மறுநாள் மீண்டும் உடைத்துப் பிசைந்து உருட்டி வைக்க வேண்டும். பச்சைப் பூண்டின் காரம் இதில் கிடைக்காது, ரசத்துக்கு நசுக்கிப் போட இது உதவாது. ஆனால் மீன் குழம்புத் தாளிப்பில் ஒரு சிட்டிகை உதிர்த்துப் போட்டால் வரும் மணம் வேறு எந்த டப்பாவிலிருந்தும் வராது. உள்வரை காய்ந்த உருண்டை அடுத்த சித்திரை வரை நிற்கும். ஆவணி, புரட்டாசியில் நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து ஒருமுறை மொட்டை மாடியில் உணர்த்தி எடுத்து, இறுக மூடும் ஜாடியில் போட்டு வையுங்கள்.